பன்னிரண்டரை அடி ஹாலில் ஸ்பீக்கரும் சப்வூஃபரும்

யாங்கோனில் நம்மவர்கள் யாராவது புது ஸ்பீக்கர் வாங்கினால் என்னிடம் கேட்பது இரண்டு கேள்விகள். "அண்ணே, இத எத்தன மணி நேரம் ஓடவிடணும்?" அடுத்தது, "சப் எத்தன இஞ்ச் வாங்கலாம்?" சப் என்றால் சப்வூஃபர், மிகத் தாழ்ந்த சத்தத்துக்கென்றே இருக்கும் தனிப் பெட்டி. இரண்டையும் ஒரே வேலையாகச் செய்துவிடலாம் என்பது என் கட்சி. ஸ்பீக்கர் பழகுகிற நாள்களில் சப்பைப் பெட்டியைவிட்டே எடுக்காதீர்கள். இடது வலது இரண்டு ஸ்பீக்கரை மட்டும் வைத்துக் கேளுங்கள். தாழ்ந்த சத்தம் இறங்க இறங்க அவை எந்த இடத்தில் கைவிடுகின்றன என்று தெரிந்தால்தான் சப் எங்கே தொடங்க வேண்டும் என்று தெரியும்.

பழகுவது என்றால் என்ன? ஸ்பீக்கரில் தாழ்ந்த சத்தம் தரும் பெரிய வட்டம்தான் வூஃபர். அதில் முன்னும் பின்னும் அசையும் கூம்பான கோனுக்குப் பின்னால் மடிப்பு மடிப்பாக ஒரு துணி வளையம் இருக்கும், அதைத்தான் ஸ்பைடர் என்கிறோம். புதிதில் விறைப்பாக இருக்கும். கொஞ்ச நேரம் நன்றாக அசைந்தால் தளர்ந்து, வூஃபரின் இயல்பான அதிர்வெண் சற்றே கீழே இறங்கும். இது நடப்பது பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலேயே. பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் ஒரு ஸ்பிரிங்தான், அதனால் ஸ்பைடர் தளர்ந்தாலும் காதுக்கு வந்து சேரும் வித்தியாசம் சின்னதுதான். முந்நூறு மணி நேரம் ஓடினால்தான் சத்தம் திறக்கும் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். அந்த முந்நூறு மணியில் மாறுவது முக்கால்வாசி நம் காதுதான். வழக்கமான சத்தத்தில் வழக்கமான பாட்டைப் போடுங்கள், போதும். முதல் நாளே வால்யூமை முழுக்கத் திருப்ப வேண்டாம்.

பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு பழைய வழி உண்டு. இரண்டு ஸ்பீக்கரையும் ஒரு சாண் இடைவெளியில் முகத்துக்கு முகம் வையுங்கள். ஒன்றில் மட்டும் சிவப்பு கறுப்பு வயரை மாற்றிக் கொடுங்கள். ஆம்பில், அதாவது ஆம்ப்ளிஃபையரில், இரண்டு பக்கமும் ஒரே சத்தம் தரும் மோனோ பட்டன் இருந்தால் அதைப் போட்டு, மேலே ஒரு போர்வையை மூடுங்கள். ஒன்று தள்ளும்போது மற்றது இழுப்பதால் பேஸ் எனும் தாழ்ந்த சத்தம் பெருமளவு அடங்கிவிடும், கோன் மட்டும் நன்றாக ஆடும். முடிந்ததும் வயரைச் சரியாக மாற்ற வேண்டும். மாற்றினோமா என்று சந்தேகம் வந்தால் பாடகர் குரலைக் கேளுங்கள். நடுவில் நிற்காமல் அங்குமிங்கும் கலைந்தும், பேஸ் மெலிந்தும் இருந்தால் வயர் இன்னும் தலைகீழாகத்தான் இருக்கிறது.

பழைய ஸ்பீக்கர் வாங்குபவர்களுக்கு: கோனைச் சுற்றி ஓரத்தில் இருப்பது நுரையா ரப்பரா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் நுரை பொடிந்து உதிரும். ரப்பர் தாங்கும்.

இப்போது ஸ்பீக்கர் எல்லையைக் கண்டுபிடிப்போம். போனில் ஒரே சுருதியை விடாமல் ஒலிக்கும் டோன் ஆப் ஒன்றை இறக்கி ஆம்பில் இணைத்து, 100, 80, 70, 60, 50, 40 ஹெர்ட்ஸ் என்று இறங்கி வாருங்கள். ஐந்து இஞ்ச் வூஃபர் உள்ள சின்ன ஸ்பீக்கர் பெரும்பாலும் 60, 50 பக்கம் வரும்போது கையை விரிக்கும். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். ஆக சப்புக்கு விட்டுவைத்திருக்கும் வேலை அந்தச் சின்னத் துண்டுதான். பழைய ஸ்டீரியோ ஆம்பில் ஸ்பீக்கர் முழு அலைவரிசையிலும் ஓடும், ஆகவே சப் எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் ஓட வேண்டும் என்று சொல்லும் கிராஸோவர் திருகை ஸ்பீக்கர் கைவிட்ட இடத்திலேயே வையுங்கள். டிவி, சினிமா சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஏவி ரிசீவர் என்றால் அதன் மெனுவில் ஸ்பீக்கரை 'ஸ்மால்' என்று கொடுத்து 80 ஹெர்ட்ஸ் வைத்து, சப்பில் உள்ள திருகை முழுக்க மேலே ஏற்றிவிடுங்கள். ரிசீவரே வடிகட்டும்போது சப்பும் வடிகட்டினால் நடுவில் பள்ளம் விழும்.

இடம்தான் தலைவலி. நம் யாங்கோன் ஹால் வீடுகள் பெரும்பாலும் பன்னிரண்டரை அடி அகலம், ஐம்பது அடி நீளம். அகலம் 3.8 மீட்டர் என்றால், இரண்டு சுவர்களுக்கும் நடுவே 45 ஹெர்ட்ஸ் மாட்டிக்கொண்டு நிற்கும். சுவரோரம் அது குடம்போல் முழங்கும், நட்டநடுவில் காணாமல் போகும். நம்மில் பலர் டிவியை ஒரு சுவரிலும் சோபாவை எதிர்ச்சுவரிலும் ஒட்டி வைக்கிறோம். தலைக்குப் பின்னால் சுவர், அதனால் ஒவ்வொரு பாட்டிலும் அந்த ஒரு சுருதி மட்டும் வீங்கிக் கேட்கும். சோபாவை இரண்டடி முன்னால் இழுங்கள். முடிந்தால் ஸ்பீக்கர்களை ஹாலின் நீளவாக்கில் பார்க்க வையுங்கள்.

சப்புக்கு இடம் பார்க்கும் முறை கேலியாகத் தெரியும், ஆனால் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. நீங்கள் உட்காரும் இடத்தில் சப்பை வைத்து, பேஸ் ஏறி இறங்கும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். பிறகு சுவரோரமாக முட்டிபோட்டுத் தவழுங்கள். ஒவ்வொரு சுருதியும் சமமாகக் கேட்கும் மூலை எதுவோ அங்கே சப்பை வையுங்கள். வீட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அப்புறம் ஃபேஸ், அதாவது சப்பும் ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் தள்ளி இழுக்கின்றனவா என்பது. கிராஸோவர் வைத்த அதே ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, நீங்கள் உங்கள் இடத்தில் உட்கார, இன்னொருவர் சப்பின் பின்னால் உள்ள 0/180 சுவிட்சைத் தட்டட்டும். எது சத்தமாகக் கேட்கிறதோ அதுதான் சரி. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் சப் ஸ்பீக்கரிலிருந்து தள்ளிப் போயிருக்கலாம். ஒரு மீட்டருக்குள் கொண்டுவந்து மறுபடி பாருங்கள்.

சப்பின் சத்த அளவை வைக்கும் கெயின் திருகுக்கு நான் வைத்திருக்கும் சோதனை மிருதங்கம். அதன் இடப்பக்கமான தொப்பியில் கும்மென்று கும்கி கொடுக்கும்போது அந்தச் சத்தம் மிருதங்கம் இருக்கும் இடத்திலிருந்தே வர வேண்டும். மூலையில் கிடக்கும் பெட்டியிலிருந்து வருவதுபோல் தோன்றினால் கிராஸோவர் அதிகம், இல்லையென்றால் கெயின் அதிகம். சரியாக வைத்த சப் இருப்பதே தெரியாது. அணைத்தால்தான் ஹால் திடீரென்று சின்னதாகும்.

ஜப்பானிலிருந்து வரும் பழைய சப் வாங்கினால் முதலில் பின்தகட்டைப் படியுங்கள். 100 வோல்ட் என்றிருந்தால் நம் 230-இல் நேராகச் சொருகக் கூடாது, டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கரண்ட் போய்ப் போய் வரும் வீட்டில் சப்பைச் சுவர் சுவிட்சிலேயே அணைத்துப் பழகுங்கள். இரைச்சல் வந்தால் ஆம்பும் சப்பும் ஒரே பிளக் பலகையில் இருக்கிறதா என்று பாருங்கள். எர்த் கம்பியை வெட்டிச் சரிசெய்கிறேன் என்று யாராவது வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மாடி வீடாக இருந்தால் அடியில் ரப்பர் கட்டை போடலாம், தரை அதிர்வு கொஞ்சம் குறையும். ஆனால் காற்றில் போகும் பேஸ் கீழ்வீட்டுக்குப் போகத்தான் போகும். பின்னால் ஓட்டை உள்ள சப் என்றால் இரவில் அதில் நுரைக் கட்டை அடைத்து வையுங்கள், ஆழம் குறைந்து தொல்லையும் குறையும்.

சப்பின் வூஃபருக்கும் தளர்வு உண்டு. ஓரிரு வாரம் ஓடிய பிறகு கெயினை இன்னொரு முறை மிருதங்கத்தோடு பாருங்கள். பெரும்பாலும் குறைக்கத்தான் வேண்டியிருக்கும்.