வெர்மிகுலைட்: நாற்றுத் தட்டிலிருந்து கான்கிரீட் கூரை வரை

100 லிட்டர் மூட்டையை ஒரு கையால் தூக்கிவிடலாம். எடை 10 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். வெர்மிகுலைட் என்பது காக்காப்பொன்னின் உறவுக்காரக் கனிமம். அதைப் போலவே ஏடு ஏடாக அடுக்கப்பட்டது. சூளையில் 900 டிகிரி அளவில் சூடேற்றினால் ஏடுகளுக்கு நடுவே இருக்கும் நீர் ஆவியாகிப் பீறிட, ஒவ்வொரு துகளும் ஆர்மோனியத் துருத்தி போல விரிகிறது. 8 முதல் 30 மடங்கு வரை பருக்கும். விரியும்போது புழு நெளிவது போலத் தெரிவதால், லத்தீன் மொழியில் புழுவைக் குறிக்கும் சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள். மண்புழு உரத்தை வெர்மிகம்போஸ்ட் என்பதால் இரண்டையும் ஒன்றென்று நினைத்து வாங்குவோர் உண்டு. இதில் புழுவும் கிடையாது, உரமும் கிடையாது.

எந்த வேலைக்கு வாங்கினாலும் இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள். இது தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அழுத்தினால் நசுங்கும்; நசுங்கிய ஏடு மீண்டும் விரியாது. நம் ஊரில் நடக்கும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றை மறந்ததால் வருபவை.

நாற்றுத் தட்டு

கோலாலம்பூர் அடுக்குமாடி பால்கனியில் மிளகாய், கத்தரி, தக்காளி விதைக்க இதைவிட நல்ல பொருள் குறைவு. சுங்கை பூலோ சாலையோர நர்சரிகளில் சிறு பைகளாகவே கிடைக்கும். நாற்றுக்கு 1–2 மில்லிமீட்டர் பொடி ரகம், தொட்டிக் கலவைக்கு 2–4 மில்லிமீட்டர் நடுத்தர ரகம் கேளுங்கள்.

கலவை, கன அளவில்: கோகோபீட் 2 பங்கு, வெர்மிகுலைட் 1 பங்கு, சலித்த மண்புழு உரம் 1 பங்கு. கோகோபீட்டை முதலில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசிப் பிழியுங்கள். தென்னை நாரில் உப்பு தங்கியிருக்கும். அலசாவிட்டால் முளைத்த நாற்றின் இலை நுனி கருகும். வெர்மிகுலைட் பையைத் திறந்ததும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டால் தூசி பறக்காது. அதைக் கடைசியில் சேர்த்து, சோறு கிளறுவது போல அடியிலிருந்து மேலாகக் கையால் புரட்டுங்கள். பிசையக் கூடாது.

குழித்தட்டில் கலவையை நிரப்பித் தட்டைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினால் போதும், விரலால் அமுக்க வேண்டாம். விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து, மேலே 3–5 மில்லிமீட்டர் பொடி வெர்மிகுலைட்டை மட்டும் தூவுங்கள். மண்ணால் மூடினால் மழைத்துளியிலும் பூவாளி நீரிலும் மேற்பரப்பு இறுகிப் பொருக்காகும், முளை அதை முட்டித் திறக்க முடியாமல் வளைந்துவிடும். வெர்மிகுலைட்டில் பொருக்குக் கட்டாது. லெட்யூஸ் போல முளைக்க வெளிச்சம் தேடும் விதைகளுக்கு மெல்லிய தூவல் மட்டும் போதும்.

தண்ணீர் கீழிருந்துதான். அடித்தட்டில் ஒரு சென்டிமீட்டர் நீர் ஊற்றி, 20 நிமிடம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். மறுமுறை ஊற்றுவதற்கு முன் தட்டைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் மேல்பகுதி காய்ந்து வெளுத்திருந்தாலும் உள்ளே ஈரம் உண்டு. நிறத்தைப் பார்த்து ஊற்றுகிறவர்களுக்குத்தான் நாற்றின் தண்டு அடியில் கருத்துச் சாய்கிறது. அது நாற்றழுகல்: பித்தியம் போன்ற, பூஞ்சை மாதிரியான நுண்ணுயிர்கள் ஓயாத ஈரத்தில் செய்யும் வேலை. மேற்பரப்பில் பச்சைப் பாசியும், கொசு மாதிரிச் சின்ன ஈக்களும் தெரிய ஆரம்பித்தால் அதற்கு முந்தைய எச்சரிக்கை என்று கொள்ளலாம்.

மிளகாய் 7 முதல் 10 நாளில் முளைக்கும். முதலில் வரும் விதையிலைகளுக்குப் பிறகு இரண்டு உண்மை இலைகள் வந்ததும் திரவ உரத்தைக் கால் பங்கு வீரியத்தில் கொடுங்கள். வெர்மிகுலைட்டில் கொஞ்சம் மக்னீசியமும் பொட்டாசியமும் உண்டு, நீங்கள் கொடுக்கும் அம்மோனியத்தையும் பொட்டாசியத்தையும் அது பிடித்துவைத்துச் சிறிது சிறிதாக விடும். ஆனால் அதை மட்டும் நம்பிச் செடி வளராது.

கறிவேப்பிலை, மல்லிகை போல வருடக்கணக்கில் நிற்கும் தொட்டிகளுக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டோம். திறந்த இடத்தில் வைத்த தொட்டி தினம் மாலை மழையில் நனைய, மண்ணின் கனமும் சேர்ந்து அழுத்த, ஓராண்டில் ஏடுகள் நசுங்கிச் சேறு போலாகும். வேருக்குக் காற்று கிடைக்காது. மணலோடு கலப்பது இன்னும் மோசம். அங்கே வேண்டியது நீரை வடிக்கும் பொருள்: வெள்ளை நிறப் பெர்லைட், அல்லது அதைவிட மலிவான கருக்கிய உமி. நர்சரியில் 'செகாம் பாக்கார்' என்றால் எடுத்துத் தருவார்கள்.

கான்கிரீட் கூரைக்கு வெப்பத் தடுப்பு

டெரஸ் வீட்டின் தட்டைக் கூரையும் கார் போர்ச் கூரையும் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் வீட்டுக்குள் இறக்கும். அதன் மேல் வெர்மிகுலைட் கான்கிரீட் 50 மில்லிமீட்டர் போட்டால் சூடு இறங்குவது குறையும். சாதாரணக் கான்கிரீட் கன மீட்டருக்குச் சுமார் 2,400 கிலோ. இது காய்ந்தபின் 400–500 கிலோதான். இருந்தாலும் ஈரமாக இருக்கும்போது எடை கூடும், மேலே பூச்சும் வரும். பழைய கூரையென்றால் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும்.

அளவு சுலபம். 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஏறக்குறைய 35 லிட்டர். அதற்குப் பெரிய ரக வெர்மிகுலைட் 100 லிட்டர் மூட்டை இரண்டு. இது 6க்கு 1 கலவை. 10 சதுர மீட்டருக்கு 50 மில்லிமீட்டர் என்றால் 500 லிட்டர் கணக்கு வரும். கலக்கும்போது கொஞ்சம் அமுங்கும் என்பதால் குறைந்தது 600 லிட்டராவது வாங்குங்கள்.

முதலில் சிமெண்ட்டையும் தண்ணீரையும் கஞ்சியாகக் கரைத்து, பிறகு வெர்மிகுலைட்டைக் கொட்டி நிறம் ஒன்றாகும்வரை மட்டும் புரட்டுங்கள். மிக்சரில் என்றால் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடவிட வேண்டாம். உருண்டை கட்டும், துகள் நசுங்கும், கடைசியில் கனமான, வெப்பத்தைத் தடுக்காத கான்கிரீட்தான் மிஞ்சும். பதம் பார்க்க ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். விரலிடுக்கில் சில சொட்டு நீர் வந்து, கை திறந்ததும் பிடி கொழுக்கட்டை போல நின்றால் சரி. நீர் ஒழுகினால் அதிகம், உதிர்ந்தால் குறைவு.

பரப்பி, நேர்கோலால் வழித்து, கரணையால் இலேசாகத் தடவுங்கள். நீர் வடிய 80க்கு 1 சரிவாவது இருக்கட்டும். மேலே நடக்கக் கூடாது; இதற்கு அந்தத் தாங்குதிறன் கிடையாது. கெட்டியான பிறகு கம்பிவலை வைத்து 25 மில்லிமீட்டர் சிமெண்ட் மணல் பூச்சு, அதன் மேல் நீர்காப்புப் படலம்.

இந்த வரிசையில் அவசரப்படுபவர்கள்தான் பணத்தை இழக்கிறார்கள். உள்ளே ஈரம் இருக்கும்போதே படலத்தை ஒட்டினால், வெயிலில் அது நீராவியாகிப் படலத்தைக் கொப்புளமாகத் தூக்கும். கொப்புளம் கிழிந்தால் அடுத்த மழை முழுக்க உள்ளே தங்கும். அதனால் மாதம் பார்த்துத் தொடங்குங்கள். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறண்டவை. செப்டம்பர், அக்டோபர் வேண்டவே வேண்டாம். கோலாலம்பூரில் ஜூன், ஜூலை தோது. ஏப்ரலும் நவம்பரும் ஆகாது. எந்த மாதமானாலும் தார்ப்பாய் கையில் இருக்கட்டும்.

ஓட்டுக் கூரைக்கு அடியில், சீலிங் பலகை மேல் உதிரியாகக் கொட்டுவதைக் குளிர்நாட்டு வழிகாட்டிகள் சொல்லும். பினாங்கின் பழைய கடைவீடுகளில் அதைச் செய்யாதீர்கள். ஓர் ஓடு நகர்ந்து ஒழுகினால் வெர்மிகுலைட் அத்தனை நீரையும் குடித்துக்கொண்டு சீலிங்கைத் தொங்கவிடும்.

அடுப்பும் பட்டறையும்

ரொட்டி அடுப்பின் அடித்தளத்துக்கு 5க்கு 1 கலவை, 100 மில்லிமீட்டர் கனம். அதன் மேல் தீச்செங்கல் கட்டாயம். நேரடித் தீயில் சிமெண்ட் வலுவிழந்து பொடியும். ஒரு வாரம் உலரவிட்டு, பிறகு சில நாள்கள் சிறு தீ மட்டும். முதல் நாளே முழுத் தீ மூட்டினால் சிக்கிய நீராவி அடித்தளத்தை வெடிக்கவைக்கும்.

வெல்டிங் பட்டறையில் வார்ப்பிரும்பை ஒட்டியதும் உலர்ந்த வெர்மிகுலைட் பெட்டியில் இரவு முழுக்கப் புதைத்து வைத்தால் மெல்ல ஆறும், விரிசல் விடாது. ரசாயனப் புட்டிகளைப் பெட்டியில் அடுக்கவும் நல்லது, கசிந்தால் உறிஞ்சிக்கொள்ளும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்துக்கு மட்டும் ஆகாது. அது சிலிகேட்டையே அரிக்கும். இரும்பு உத்தரங்களில் தீத்தடுப்புக்காகத் தெளிக்கும் வெர்மிகுலைட் பூச்சு, போம்பா (மலேசியத் தீயணைப்புத் துறை) அங்கீகரித்த பொருளும் பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டிய வேலை.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து லிபி சுரங்கத்தில் எடுத்த வெர்மிகுலைட்டில், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார்க்கனிமமான ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. சுரங்கம் 1990இல் மூடப்பட்டது. புதிய மூட்டை வாங்கும்போது எந்த நாட்டுச் சரக்கு, ஆஸ்பெஸ்டாஸ் சோதனைச் சான்று உண்டா என்று கேளுங்கள். சான்று இருந்தாலும் என்95 முகக்கவசம் போடுங்கள். பழைய கட்டடத்தில் எப்போதோ கொட்டிய சரக்கு கண்ணில் பட்டால் கிளறாமல் விட்டு, சோதனைக்கு ஆள் கூப்பிடுங்கள்.

கூரை வேலையில் மிஞ்சியதைத் தொட்டியில் கொட்ட ஆசை வரும். கட்டட ரகம் சிலவற்றில் நீர் ஒட்டாதபடி பூச்சு உண்டு. ஒரு கைப்பிடியில் சில சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். முத்தாக உருண்டால் அது செடிக்கு உதவாது.