ஷேர்டு லைப்ரரியில் எது வெளியே தெரிய வேண்டும்?

லினக்ஸில் சி++ வைத்து ஒரு ஷேர்டு லைப்ரரி (பல புரோகிராம்கள் ஓடும்போது பகிர்ந்துகொள்ளும் கோடு ஃபைல்) கட்டினால், ஸ்டேடிக் என்று குறிக்காத ஃபங்ஷன், குளோபல் வேரியபிள் கிட்டத்தட்ட எல்லாமே வெளியே, அதாவது மற்ற புரோகிராம்களுக்கும் லைப்ரரிகளுக்கும், தெரியும். விண்டோஸில் விஷுவல் சி++ நேர் எதிர். நீங்களாகச் சொன்னால்தான் டிஎல்எல்லை, அதாவது விண்டோஸின் ஷேர்டு லைப்ரரியை, விட்டு எதுவும் வெளியே வரும். இந்த விஷயத்தில் நான் விண்டோஸ் கட்சி. லினக்ஸிலும் அதையே செய்யலாம்.

முதலில் இப்போதைய நிலைமையைப் பாருங்கள். வட்டி கணக்கிடும் சின்ன லைப்ரரி ஒன்று. வெளியாட்களுக்கு 'வட்டி' என்ற ஃபங்ஷன், உள்வேலைக்கு 'சரிபார்' என்று இன்னொன்று. ஒரு ஃபைலில் உள்ள பெயர்களைப் பட்டியலிடும் என்எம் கட்டளையை, டைனமிக், டீமேங்கிள் (கம்பைலர் மாற்றியெழுதிய பெயரைப் பழையபடி காட்டுவது) என்ற இரண்டு ஆப்ஷன்களோடு அந்த லைப்ரரியின் எஸ்ஓ ஃபைல் மேல் ஓட்டினால், வெளியே தெரியும் ஃபங்ஷன் என்பதற்கு அடையாளமாக, டெக்ஸ்ட் என்பதன் முதல் எழுத்து பெரியதாகப் போட்டு இரண்டுமே வரிசையில் நிற்கும். 'சரிபார்' அங்கே நிற்பதுதான் வம்பு. அதே பெயர், அதே பாராமீட்டர்களோடு வேறொரு லைப்ரரியிலும் ஒன்று இருந்து, புரோகிராம் தொடங்கும்போது லைப்ரரிகளை ஏற்றும் லோடர் தேடும் வரிசையில் அது முந்திக்கொண்டால், உங்கள் 'வட்டி' அந்த ஊரார் 'சரிபாரை'க் கூப்பிட்டுவிடும். எரர் எதுவும் வராது, விடை மட்டும் தப்பாக வரும்.

அடுத்து, கம்பைலருக்கு எஃப்விசிபிலிட்டி ஆப்ஷனை 'ஹிட்டன்' என்று கொடுங்கள். 2005இல் வந்த ஜிசிசி 4.0 கம்பைலர் முதலே இது உண்டு, கிளாங் கம்பைலரிலும் உண்டு. இப்போது கட்டினால் 'வட்டி'யும் சேர்ந்து மறைந்துபோய், அதைக் கூப்பிடும் புரோகிராமை லிங்க் செய்யும்போது 'அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்' என்ற எரர் வரும். சரி, அப்படித்தான் வர வேண்டும்.

இனி ஹெடரில் ஒரு மேக்ரோ, அதாவது கம்பைல் ஆகும்முன் வேறு சொற்களாக விரியும் ஒரு பெயர். லினக்ஸ் என்றால் அது விசிபிலிட்டி 'டிஃபால்ட்' என்ற ஆட்ரிபியூட்டாக விரியட்டும். விண்டோஸில் லைப்ரரியைக் கட்டும்போது டிஎல்எல்எக்ஸ்போர்ட், அதைப் பயன்படுத்தும்போது டிஎல்எல்இம்போர்ட். இரண்டில் எது என்பதை, லைப்ரரியைக் கட்டும்போது மட்டும் கொடுக்கும் ஒரு டிஃபைன் முடிவு செய்யும். சிமேக் என்ற பில்ட் டூல் பயன்படுத்துபவர்களுக்கு, டார்கெட் பெயரோடு 'எக்ஸ்போர்ட்ஸ்' என்று ஒட்டி அந்த டிஃபைனை அதுவே கொடுத்துவிடும். புரோகிராமுக்குள்ளேயே சேர்ந்துவிடும் ஸ்டேடிக் லைப்ரரியாகக் கட்டும்போது மேக்ரோ காலியாக இருக்க வேண்டும். இதை நிறையப் பேர் விட்டுவிட்டு, விண்டோஸில் 'இம்ப்' என்று தொடங்கும் பெயர் கிடைக்கவில்லை என்று லிங்கர் கத்தும்போது முழிப்பார்கள்.

மேக்ரோவை 'வட்டி'க்கு முன்னால் போடுங்கள். கிளாஸ் என்றால், கிளாஸ் என்ற சொல்லுக்கும் அதன் பெயருக்கும் நடுவில். லைப்ரரியிலிருந்து வெளியே எறியும் எக்ஸெப்ஷன் கிளாஸுக்கும் மறக்காமல் போடுங்கள், இல்லையென்றால் சில சிஸ்டங்களில் அந்தப் பக்கம் எழுதிய கேட்ச் அதைப் பிடிக்காமல் புரோகிராமே விழுந்துவிடும்.

இவ்வளவும் கையால் எழுதச் சோம்பலா? சிமேக்கின் ஜெனரேட்எக்ஸ்போர்ட்ஹெடர் மாட்யூல் அந்த ஹெடரை எழுதித் தரும்.

மறுபடி என்எம் ஓட்டுங்கள். 'சரிபார்' போயிருக்கும். ஆனால் வெக்டர், ஸ்ட்ரிங் மாதிரி ஸ்டாண்டர்ட் லைப்ரரி டெம்ப்ளேட்கள் சில 'வீக்' என்ற குறியோடு இன்னும் தெரியலாம், ஏனென்றால் ஜிசிசியின் ஹெடர்களே அவற்றை டிஃபால்ட் என்று அறிவித்திருக்கின்றன. அவையும் வேண்டாம் என்றால் லிங்கருக்கு ஒரு வெர்ஷன் ஸ்கிரிப்ட் கொடுக்க வேண்டும்: அதில் குளோபல் பக்கம் 'வட்டி', லோக்கல் பக்கம் ஒரு நட்சத்திரக் குறி. பெயரை மட்டும் கம்பைலர் மாற்றியெழுதிய வடிவில் கொடுங்கள்.