மாடித் தக்காளி இனிக்க ஆரம்பித்த கதை

சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் ரெண்டு வருஷம் தக்காளி வளர்த்தேன், காய்த்தது என்னவோ உண்மை, ஆனால் கடையில் வாங்குகிற பெங்களூர் தக்காளி மாதிரியே தோல் தடித்து, ருசியில்லாமல் சப்பென்று இருந்தது. பிரச்சினை விதையிலேயே இருந்தது. நான் வாங்கியது தூரத்துக்கு லாரியில் போனாலும் நசுங்காத கலப்பின ரகம். மாடியிலிருந்து சமையலறைக்கு வர அந்தக் கெட்டித் தோல் எதற்கு?

அடுத்த முறை ரெண்டு ரகம் போட்டேன். ஒன்று பெரியகுளத்தில் உருவான பி.கே.எம் 1, வறட்சி தாங்கும், நாட்டுத் தக்காளிப் புளிப்பு, ரசத்துக்கு அதுதான். இன்னொன்று செர்ரி தக்காளி. சின்னப் பழம் என்பதால் சர்க்கரை செறிவாக இருக்கும், என் மகள் செடியிலிருந்தே பறித்துத் தின்றுவிடுகிறாள், கீழே ஒன்றும் வருவதில்லை.

அப்புறம் நேரம். மழை குறையத் தொடங்குகிற நவம்பர் கடைசியில் விதைத்தால் பிப்ரவரி, மார்ச்சில் பழம். சித்திரை வெயிலில் பூ கொட்டிவிடும், இரவும் புழுங்கினால் பிஞ்சே பிடிக்காது. எங்கள் போர் தண்ணீர் உப்பு, அதனால் மெட்ரோ தண்ணீர்தான் ஊற்றுகிறேன். பழம் நிறம் மாறத் தொடங்கியதும் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தேன், இல்லாவிட்டால் நீர்த்துப்போகும், பழமும் வெடிக்கும்.

பறித்ததை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், வாசனை போய்விடும். எங்கள் அம்மா இன்னும் வைக்கிறார், சொல்லிப் பார்த்துவிட்டேன்.