கடற்கரை மணலில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் வேண்டுமா?

கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் வலை ஏற்றப் போன ஃபோர் வீல் டிரைவ் பிக்கப், மணலில் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க மூச்சு வாங்கி நிற்கிறதா? இன்ஜினைத் திட்டாதீர்கள். சக்கரம் வழுக்கிச் சுழன்றதும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இன்ஜின் சக்தியைக் குறைக்கிறது, சுழலும் சக்கரத்துக்கு பிரேக்கும் போடுகிறது. ஆழமான மணலிலும் வயல் சேற்றிலும் வண்டிக்கு வேண்டியது விடாத ஓட்டம். சக்கரம் கொஞ்சம் சுழன்றால்தான் அது கிடைக்கும்.

அதனால் மாட்டிய பிறகு அல்ல, மணலில் இறங்கும் முன்பே டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள். பல வண்டிகளில் பட்டனை ஒரு தட்டு தட்டினால் போதாது, சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். டயர் காற்றையும் 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறையுங்கள். பட்டனைவிட இதுதான் அதிகம் கை கொடுக்கும் என்பது என் கட்சி.

மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் மட்டும் அணைக்காதீர்கள். அதை பிரேக்கால் பிடித்து, தரையில் நிற்கும் சக்கரத்துக்கு விசையைத் திருப்புவதும் இதே டிராக்‌ஷன் கன்ட்ரோல்தான். சக்கரம் குழி பறிக்க ஆரம்பித்தால், சரி, காலை எடுத்துவிட்டு மண்வெட்டியைத் தேடுங்கள்.

அப்புறம், புதுச்சேரி ரோட்டில் ஏறியதும் டிராக்‌ஷன் கன்ட்ரோலை ஆன் செய்து, ஃபோர் வீல் டிரைவை எடுத்துவிட்டு, முதல் பெட்ரோல் பங்கில் டயருக்குக் காற்று அடியுங்கள். ஐப்பசி மழையில் வழுக்கும் தார் ரோட்டில் அது அணைந்திருக்கவே கூடாது.