18 வயதுக்குட்பட்டோர் ஃபூட்டி சாம்பியன்ஷிப்: பார்ப்பவர்களும் பெற்றோரும் செய்யும் தவறுகள்

மெல்பர்னில் குளிர் ஏறும் ஜூன், ஜூலை மாதங்களில், ஃபூட்டி என்று இங்கே சொல்லும் ஆஸ்திரேலியக் கால்பந்தின் தேசிய லீக்கான ஏஎஃப்எல்-இன் 18 வயதுக்குட்பட்டோர் தேசிய சாம்பியன்ஷிப் நடக்கும். கொஞ்ச வருடங்களாக நம் வீடுகளிலும் இதைப் பற்றிப் பேச்சு வருகிறது, ஏனென்றால் நம் பிள்ளைகள் ஃபூட்டி ஆடுகிறார்கள், அவர்களோடு படிக்கும் யாரோ ஒரு பையனுக்கு மாநில அணியில் இடம் கிடைக்கிறது, உடனே "அப்போ நம்ம பிள்ளைக்கு எப்போ?" என்ற கேள்வி சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடுகிறது. நல்ல கேள்விதான். ஆனால் இந்தப் போட்டி எதற்காக நடக்கிறது என்பது புரியாமல் கேட்டால் பதில் தப்பாகவே கிடைக்கும். நானும் முதல் இரண்டு வருடம் இதைத் தப்பாகத்தான் பார்த்தேன்.

முதல் தவறு, கோப்பைக்கான போட்டி என்று நினைத்துக்கொண்டு ஸ்கோர்போர்டையே பார்த்துக்கொண்டிருப்பது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு மாநில அணி என்றவுடன் ரஞ்சிக் கோப்பைதான் ஞாபகம் வரும், யார் ஜெயித்தார்கள் என்பதுதான் கேள்வி. இங்கே ஆண்கள் பிரிவில் ஐந்து அணிகள்: விக்டோரியா மெட்ரோ, விக்டோரியா கன்ட்ரி, தென் ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா, அப்புறம் அலைஸ் என்ற கூட்டணி. ஒவ்வொரு அணிக்கும் நான்கே ஆட்டங்கள்தான். வேறு வேறு கிளப், வேறு வேறு பள்ளி, வேறு வேறு பயிற்சியாளர்களிடமிருந்து வந்த பையன்களைச் சில வாரத்தில் சேர்த்து நிறுத்துகிறார்கள். ஜெயிக்க ஆசைப்படுவார்கள், அதில் சந்தேகமே இல்லை, ஆனால் மைதானத்தின் ஓரத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் ஏஎஃப்எல் கிளப்புகளின் ரெக்ரூட்டர்களுக்கு எந்த அணி ஜெயித்தது என்பது இரண்டாம் பட்சம். நவம்பரில் வரும் டிராஃப்டில், அதாவது கிளப்புகள் முறை வைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வில், எந்தப் பையனை எடுப்பது என்று முடிவு செய்யத்தான் அவர்கள் வருகிறார்கள். அந்த டிராஃப்டில், லீக்கில் கடைசி இடத்தில் முடித்த கிளப்புக்குத்தான் முதல் வாய்ப்பு. தேசிய டிராஃப்டில் வருடத்துக்கு ஏறக்குறைய 60 பேர்தான் எடுக்கப்படுகிறார்கள், அதுவும் நாடு முழுக்க.

அடுத்தது, ஒரு பையன் எந்த அணிக்கு ஆடுவான் என்பதில் வரும் குழப்பம். எனக்குத் தெரிந்த ஒருவர் டன்டினாங்கில் இருக்கிறார், இலங்கைத் தமிழர்கள் நிறையப் பேர் வாழும் இடம், ரயில் ஏறினால் மெல்பர்ன் நகரத்துக்குள் வந்துவிடலாம். அவருடைய மகன் டன்டினாங் ஸ்டிங்ரேஸ் வட்டாரத்தைச் சேர்ந்தவன், அதனால் தேர்வானால் விக்டோரியா கன்ட்ரி அணிக்குத்தான் போவான் என்று நான் சொன்னபோது, "அண்ணை, டன்டினாங் என்ன நாட்டுப்புறமே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, ஆனால் பிரிப்பது அப்படித்தான். விக்டோரியாவில் பன்னிரண்டு வட்டார அணிகள் டேலண்ட் லீக் என்ற போட்டியில் ஆடுகின்றன. ஓக்லி சார்ஜர்ஸ், சாண்ட்ரிங்ஹம் டிராகன்ஸ், ஈஸ்டர்ன் ரேஞ்சஸ், நார்தர்ன் நைட்ஸ், கால்டர் கேனன்ஸ், வெஸ்டர்ன் ஜெட்ஸ் ஆகிய ஆறும் மெட்ரோ. ஜீலாங், பெண்டிகோ, பாலரட், கிப்ஸ்லாண்ட், மர்ரி பக்கத்து அணிகளோடு டன்டினாங்கும் கன்ட்ரி. பையன் படிக்கும் பள்ளி வைத்துக்கூட இதை முடிவு செய்துவிட முடியாது. ரைலி சாண்டர்ஸ் டாஸ்மேனியாக்காரர், மெல்பர்னில் விடுதியில் தங்கிப் படித்தார், சாண்ட்ரிங்ஹம் டிராகன்ஸுக்கு ஆடினார், ஆனால் தேசிய சாம்பியன்ஷிப்பில் போட்டது அலைஸ் ஜெர்சியைத்தான். 2023-இல் சிறந்த ஆட்டக்காரருக்கான லார்க் மெடலும் அவருக்கே. அதனால் பிள்ளையின் வட்டாரம் எது என்று தெரியாமல், பக்கத்து வீட்டுப் பையன் போன டிரையலுக்கு அழைப்பு வரவில்லையே என்று வருத்தப்படாதீர்கள், முதலில் உங்கள் உள்ளூர் கிளப்பில் கேளுங்கள்.

அலைஸ் அணியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எனக்குக் கொஞ்சம் வலிக்கிற விஷயம். குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸும் கான்பெராவும், வட பிரதேசம், டாஸ்மேனியா எல்லாவற்றையும் சேர்த்து ஒரே அணி. "மிச்சம் மீதியெல்லாம் சேர்த்த அணி" என்று இதை ஒதுக்கிப் பேசுகிறவர்களை மைதானத்திலேயே கேட்டிருக்கிறேன். 2023-இல் அந்த அணிதான் பட்டம் வென்றது, அதற்கு முன் அவர்கள் ஒருமுறையும் வென்றதில்லை. அந்த வருட டிராஃப்டின் முதல் பத்துப் பேரில் நான்கு பேர் அலைஸுக்கு ஆடியவர்கள்: கோல்பி மெக்கர்ச்சர் 2-ஆவது ஆளாக, ஜெட் வால்டர் 3, சாண்டர்ஸ் 6, ஈதன் ரீட் 9. இதில் வால்டரும் ரீடும் கோல்ட் கோஸ்ட் சன்ஸ் கிளப்பின் அகாடமியில் வளர்ந்தவர்கள். ரக்பி ஆளும் ஊர்களில் பிள்ளைகளை ஃபூட்டி பக்கம் இழுக்க சிட்னி, பிரிஸ்பேன், கோல்ட் கோஸ்ட், ஜிடபிள்யூஎஸ் (மேற்கு சிட்னி அணி) ஆகிய நான்கு வடக்குக் கிளப்புகளும் பல வருடம் அகாடமி நடத்தி உழைத்ததன் விளைச்சல் அது. டாஸ்மேனியாவுக்கோ ஏஎஃப்எல்-இல் சொந்த அணி இல்லாமலே இத்தனை பேர் வந்திருக்கிறார்கள், 2028-இல்தான் அவர்கள் அணி சேர இருக்கிறது.

இப்போது எனக்கு முக்கியமாகப் படுகிற தவறுக்கு வருகிறேன். டிஸ்போசல் எண்ணிக்கையை வைத்து ஆளை எடை போடுவது. ஒரு ஆட்டக்காரர் பந்தை எத்தனை முறை உதைத்தார், எத்தனை முறை ஹேண்ட்பால் செய்தார் (கை முட்டியால் குத்திக் கொடுத்தார்) என்பதன் கூட்டுத்தொகைதான் டிஸ்போசல். ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் ஃபோனில் அந்தப் பட்டியலைத்தான் திறக்கிறோம், 28 என்று பார்த்தால் ஆஹா என்கிறோம், 11 என்று பார்த்தால் இவன் தேறமாட்டான் என்கிறோம். ஆனால் அந்த 28 எங்கே கிடைத்தது என்று பாருங்கள். பின்வரிசையில், எதிராளி பக்கத்தில் இல்லாத இடத்தில், பக்கவாட்டில் கொடுத்துக் கொடுத்து வாங்கிய பந்தாக இருக்கலாம். 11 எடுத்தவன் நான்கு பேர் மேலே விழுந்த குவியலுக்குள் கையை விட்டு எடுத்திருக்கலாம், விழுந்த இடத்திலிருந்து எழுந்து ஓடி இன்னொருவனை டேக்கிள் செய்திருக்கலாம், அது இரண்டாவது முயற்சி, ரெக்ரூட்டர்கள் உயிரை விட்டுப் பார்ப்பது அதைத்தான்.

இதோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. மாநில அணிக்கு வருகிற பையன்களில் பெரும்பாலோர் அவரவர் கிளப்பில் நடு ஆட்டக்காரர்கள், பந்து எப்போதும் அவர்களைச் சுற்றியே இருக்கும், நல்லவனை அங்கேதானே வைப்பார்கள்? ஆனால் மாநில அணியில் அப்படிப்பட்டவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள், மைதானத்தில் நிற்பதோ மொத்தம் 18 பேர், எல்லாரையும் நடுவில் விட முடியாது. அதனால் ஒருவனை விங்குக்கு அனுப்புவார்கள், ஒருவனைப் பின்வரிசையில் எதிரணியின் சின்ன ஃபார்வர்டு பின்னாலேயே ஓட விடுவார்கள். பெற்றோருக்கு அது தண்டனை மாதிரித் தெரிகிறது, "என் பையனை இடம் மாத்திக் கெடுத்துட்டாங்க" என்பார்கள். பழகாத இடத்தில் போட்டால் என்ன செய்கிறான் என்று பார்ப்பதற்கே அந்த மாற்றம். ஏஎஃப்எல் கிளப்புக்குப் போகும் 18 வயதுப் பையனுக்கு முதல் வருடம் நடு இடம் அநேகமாகக் கிடைக்காது, ஓரத்தில்தான் தொடங்குவான். ஓரத்தில் நின்றும் உபயோகமாக இருப்பானா என்பதற்கு அந்த நான்கு ஆட்டங்களே சான்று.

முன்வரிசையில் நிற்கும் உயரமான பையன்களுக்கு நிலைமை இன்னும் மோசம். ஒரு கோல் 6 புள்ளி, பக்கத்துக் கம்பங்களுக்கிடையே போனால் 1 புள்ளி, இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் பந்து அவனிடம் வந்தால்தானே? மழையில் ஊறிய ஜூன் மாதத்து மைதானம், சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும் பந்து, நடுவில் தன் அணி தோற்றுக்கொண்டிருக்கிறது, அவன் ஒரு மணி நேரம் ஓடி ஓடி இடம் பிடித்தும் மூன்று பந்துதான் வருகிறது. பூஜ்யம் கோல் என்று பட்டியல் சொல்லும். அவன் எந்த நேரத்தில் ஓடத் தொடங்கினான், உதைத்த பந்தை நேராகக் கையில் பிடிக்கும் மார்க் எடுக்க முடியாதபோது பந்தைக் கீழே தட்டிவிட்டானா, எதிராளி பிடித்துக்கொண்டு போனபோது துரத்தினானா என்று பட்டியல் சொல்லாது. மைதானத்துக்கு நேரில் போய்ப் பாருங்கள் என்று நான் எல்லாரிடமும் நச்சரிப்பது இதனால்தான், கேமரா பந்தின் பின்னால் போகும், பந்து இல்லாத இடத்தில் ஓடுகிறவன் அதில் தெரியமாட்டான்.

வயதைக் கவனிக்காமல் ஒப்பிடுவதும் அடிக்கடி நடக்கிறது. டிராஃப்டுக்குப் போக அந்த வருடம் டிசம்பர் 31-க்குள் 18 நிறைய வேண்டும். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வருடக் கணக்கில் வருகிறார்கள், அந்த வயதில் பதினோரு மாதம் என்பது தோளிலும் தொடையிலும் அப்படியே தெரியும். அதே களத்தில் ஒரு வருடம் இளைய பையன்களும் ஆடுவார்கள். அதனால் "அவன் இவனை இடித்துத் தள்ளிவிட்டான்" என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன் இருவர் பிறந்த தேதியையும் பார்த்துவிடுங்கள்.

சரி, பெற்றோருக்கு வருவோம். ஒரே பையனுக்குப் பள்ளி அணி, உள்ளூர் கிளப், டேலண்ட் லீக் அணி, மாநில அணி என்று நான்கு இடம், நான்கு பயிற்சியாளர். ஒவ்வொருவரும் அவரவர் பயிற்சியைத்தான் கணக்கு வைக்கிறார்கள். மொத்தமாக அந்த வாரம் எத்தனை மணி நேரம் ஓடினான், எங்கே வலிக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் வீட்டில் இருப்பவர். அதை விட்டுவிட்டு, தேர்வு நெருங்குகிறதே என்று தனியாக ஒரு ஜிம் பயிற்சியையும் சேர்த்துவிடுகிறோம், அப்புறம் தொடைத்தசை பிடித்துக்கொண்டு ஜூன் முழுக்க உட்கார்ந்திருக்கிறான். ஒரு சின்ன நோட்டில் வாரக் கணக்கை எழுதி வையுங்கள், யாராவது பயிற்சியாளரிடம் "இந்த வாரம் இவனுக்குப் போதும்" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

தலையில் அடிபட்டதை மறைப்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். சமூக மட்டத்து ஃபூட்டியில் மூளை அதிர்ச்சி ஏற்பட்டால் குறைந்தது 21 நாள் கழித்துத்தான் ஆட்டத்துக்குத் திரும்பலாம் என்பது ஏஎஃப்எல்-இன் விதி. தேர்வு ஆட்டம் அடுத்த வாரம் என்றால் பையன் "ஒண்ணுமில்லப்பா" என்றுதான் சொல்வான், அவனுக்குப் பதினேழு வயது. மந்தமாக இருக்கிறானா, வெளிச்சம் கூசுகிறதா, கேட்டதையே திரும்பக் கேட்கிறானா என்று பார்ப்பது நம் வேலை. நம்மவர் ஒருவர் மகனுக்கு இப்படி ஆனபோது அவர் தானே போய் அணியினரிடம் சொன்னார், பையன் இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. அவர் செய்தது சரி என்று இன்றும் சொல்வேன்.

ரெக்ரூட்டர்கள் இந்த நான்கு ஆட்டத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள் என்ற பயமும் வேண்டாம். 16 வயதுக்குட்பட்டோர் சாம்பியன்ஷிப்பிலிருந்தே பார்க்கிறார்கள், டேலண்ட் லீக்கில் பார்க்கிறார்கள், வீட்டுக்கு வந்து பேசுகிறார்கள், பயிற்சியாளர்களிடம் விசாரிக்கிறார்கள். ஓரத்தில் நின்று நடுவரைத் திட்டும் அப்பாவையும் அவர்கள் பார்க்கிறார்கள்.

நம் சமூகத்தில் நான் காணும் இன்னொரு தவறு, இந்தக் கதவுகள் நமக்கில்லை என்று நினைத்துக்கொள்வது. ஏஎஃப்எல் கிளப்புகள் நெக்ஸ்ட் ஜெனரேஷன் அகாடமி என்ற ஒன்றை நடத்துகின்றன, பூர்வகுடிப் பிள்ளைகளுக்கும் வேறு நாட்டுப் பின்னணியிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் என்றே தொடங்கியது. யார் சேரலாம் என்ற விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் யாரோ சொன்னதை நம்பாமல் உங்கள் பகுதிக்குப் பொறுப்பான கிளப்பிடமே கேளுங்கள். பெண்பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் 18 வயதுக்குட்பட்டோர் தேசிய சாம்பியன்ஷிப் இருக்கிறது, அங்கே குயின்ஸ்லாந்து தனி அணியாகவே ஆடுகிறது. பெண்கள் லீக் 2017-இல்தான் தொடங்கியது, பத்து வயதில் நெட்பால் மட்டும் ஆடிக்கொண்டிருந்த பெண்களுக்கு இன்று நேராக ஒரு பாதை இருக்கிறது.

கடைசியாக, அணியில் பெயர் வராத நாளன்று வீட்டில் நடக்கும் தவறு. பெரும்பாலான பையன்களுக்கு அது பன்னிரண்டாம் வகுப்பு, விசிஇ என்ற விக்டோரியாவின் பள்ளி இறுதித் தேர்வு வருடம். பெயர் வரவில்லை என்றவுடன் "போதும், பூட்ஸைக் கழற்று, புத்தகத்தை எடு" என்கிற வீடுகளும் உண்டு, பெயர் வந்தவுடன் படிப்பை ஓரம் கட்டுகிற வீடுகளும் உண்டு. இரண்டும் தப்பு. மேத்யூ பிரிடிஸ் தேசிய டிராஃப்டில் எடுக்கப்படாமல் ரூக்கியாக, அதாவது கூடுதல் பட்டியலில் புதுமுகமாக உள்ளே வந்தவர், 2014-இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ மெடல் வாங்கினார். டாம் ஸ்டூவர்ட் 23 வயது வரை ஜீலாங் பக்கத்து உள்ளூர் லீக்கில் ஆடிக்கொண்டிருந்தார், 2016 டிராஃப்டில் 40-ஆவது ஆளாக எடுத்தார்கள், அதற்குப் பிறகு பல முறை ஆல் ஆஸ்திரேலியன் அணியில், அந்தந்த வருடத்தின் சிறந்தவர்களைக் கொண்ட கௌரவ அணியில், இடம்பிடித்தார். மார்லியன் பிக்கெட்டுக்கு 27 வயது, 2019-இல் பருவத்தின் நடுவே ரிச்மண்ட் கிளப் எடுத்தது, அவருடைய முதல் ஏஎஃப்எல் ஆட்டமே அந்த வருடத்து கிராண்ட் ஃபைனல், அதில் வென்று பதக்கத்தோடு வெளியே வந்தார். இவர்கள் விதிவிலக்குகள்தான், மறுக்கவில்லை. ஆனால் பதினேழு வயதில் ஒரு தேர்வுக்குழு சொன்னதை அவர்கள் வீட்டில் யாரும் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொண்டிருந்தால் இந்தப் பெயர்களை நாம் கேட்டிருக்க மாட்டோம். பெயர் வராத அன்று பையனிடம் ஒன்றும் பேசாமல் சோறு போடுங்கள், அடுத்த சனிக்கிழமை கிளப் ஆட்டத்துக்குக் காரில் கூட்டிக்கொண்டு போங்கள்.