சர்ச்சைக்குரிய சிலைகள்: அகற்றுவதா, காப்பதா என்று வாதிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சிலையைப் பற்றிய சர்ச்சை எழுந்தவுடன் பெரும்பாலோர் சிலையில் நிற்பவரின் வாழ்க்கை வரலாற்றைப் புரட்டத் தொடங்குகிறார்கள். அவர் செய்த நன்மை ஒரு பக்கமும் தீமை மறுபக்கமும் அடுக்கப்படுகின்றன. அந்தச் சிலையை நிறுவியவர்கள் யார், எந்த ஆண்டில் நிறுவினார்கள், அப்போது அவர்களுக்கு அது ஏன் தேவைப்பட்டது என்ற கேள்விகள் எழுவதேயில்லை. இதுவே முதல் தவறு. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கின்றன.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நின்ற எட்வர்ட் கோல்ஸ்டன் சிலையை எடுத்துக்கொள்ளலாம். கோல்ஸ்டன் இறந்தது 1721-இல். சிலை எழுந்தது 1895-இல். அவர் 1680 முதல் 1692 வரை தொடர்பு வைத்திருந்த ராயல் ஆப்பிரிக்கக் கம்பெனி அக்காலத்தில் ஏறத்தாழ 84,000 ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கப்பலேற்றியதாகவும், அவர்களில் சுமார் 19,000 பேர் கடலிலேயே மாண்டதாகவும் கணக்கிடப்பட்டுள்ளது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தை 1833-இல் இயற்றிவிட்டது. அதற்கு 62 ஆண்டுகள் கழித்து, அது கொடுமை என்று நாடே ஒப்புக்கொண்ட பிறகு, அவரை நகரின் மிகுந்த அறமும் அறிவும் வாய்ந்த மைந்தர்களுள் ஒருவர் என்று பீடத்தில் பொறித்தார்கள். ஆகவே அந்தச் சிலை 17-ஆம் நூற்றாண்டைப் பற்றிய ஆவணம் அன்று. அது 1895-இன் பிரிஸ்டல் பிரமுகர்கள் தங்கள் நகரத்தைப் பற்றிச் சொல்லிக்கொள்ள விரும்பிய கதை.

அமெரிக்கத் தென்மாநிலங்களின் கதையும் இதுவே. உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது. அடிமை முறையைக் காக்கப் போரிட்டுத் தோற்ற தென்மாநிலத் தரப்பின் தளபதி ராபர்ட் லீக்கு வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்டில் சிலை எழுந்தது 1890-இல், அதே மாநிலத்தின் சார்லட்ஸ்வில்லில் 1924-இல். கறுப்பின மக்களின் வாக்குரிமை பறிக்கப்பட்டு, நிறப் பிரிவினைச் சட்டங்கள் வேரூன்றிய காலம் அது. இவை போரில் மாண்டவர்களுக்கான துக்கச் சின்னங்கள் மட்டுமே என்று வாதிடுவோர் இந்தத் தேதிகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வேடிக்கை என்னவென்றால், போர்க்களத்தில் நினைவுச் சின்னங்கள் அமைக்கும் முயற்சி ஒன்றில் சேர 1869-இல் அழைக்கப்பட்டபோது, போரின் புண்களை ஆறவிடாமல் வைத்திருக்க வேண்டாம் என்ற கருத்தில் மறுத்துக் கடிதம் எழுதியவர் அதே லீதான்.

அடுத்த தவறு, சிலையை அகற்றினால் வரலாறே அழிந்துவிடும் என்று அஞ்சுவது. இதற்கு நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. சென்னை மவுண்ட் ரோட்டில், ஸ்பென்சர் கடைக்கு எதிரே, ஜெனரல் ஜேம்ஸ் நீலின் வெண்கலச் சிலை ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு நின்றிருந்தது. மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் படையுடன் வடக்கே சென்று 1857-இன் எழுச்சியை ஒடுக்கிய அவர், அதே ஆண்டு செப்டம்பரில் லக்னோவில் கொல்லப்பட்டார். அலகாபாத்திலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் விசாரணை என்ற பெயருக்குக்கூட இடமின்றிப் பலரைத் தூக்கிலிட்டவர் என்பதும், கான்பூரில் குற்றம் சாட்டப்பட்டவர்களைத் தரையில் உறைந்திருந்த இரத்தத்தை நாவால் நக்கித் துடைக்கச் செய்த பிறகே தூக்கில் ஏற்றினார் என்பதும் ஆங்கிலேயர்களே பதிவு செய்தவை. 1927 ஆகஸ்டில் சிலையை அகற்றக் கோரிச் சத்தியாகிரகம் தொடங்கியது. தொண்டர்கள் கோடரியும் சுத்தியலும் ஏந்திச் சென்று சிலையைத் தாக்கிக் கைதானார்கள். கடலூர் அஞ்சலை அம்மாள் தம் சிறுவயது மகளுடன் சென்று சிறைப்பட்டார். காமராஜரின் தொடக்ககால அரசியல் பணிகளில் இதுவும் ஒன்று. 1937-இல் ராஜாஜி அமைச்சரவைக் காலத்தில் சிலை சாலையைவிட்டு அகன்றது. இன்று அது எழும்பூர் அருங்காட்சியகத்தின் வசம் உள்ளது.

இதில் எந்த வரலாறு அழிந்தது? சிலை பீடத்தில் நின்ற காலத்தில் அவ்வழியே போனவர்களுக்கு அவர் ஒரு வீரத் தளபதி என்று மட்டுமே சொல்லப்பட்டது. அவர் செய்ததைத் தமிழ்நாட்டில் பரவலாகப் பேச வைத்தது சிலையை எதிர்த்த போராட்டமே. சிலை என்பது மரியாதை செய்வதற்கான வடிவம். அதைப் பாடநூலாகக் கருதுவதால்தான் இந்த அச்சம் வருகிறது. நீல் தீவு என்று வழங்கிவந்த அந்தமான் தீவுக்கு 2018 டிசம்பரில் ஷஹீத் தீவு என்று பெயர் மாற்றப்பட்ட பிறகும் 1857-இன் வரலாற்றை எழுதுபவர் எவரும் நீலை விட்டுவிட்டு எழுத முடியாது.

‘அந்தக் காலத்து மனிதரை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கலாமா?’ என்ற கேள்வி பார்ப்பதற்கு நியாயமானது. ஆனால் அதைக் கேட்பவர்கள் அந்தக் காலத்தின் அளவுகோல் எதுவென்று தேடிப் பார்ப்பதில்லை. அக்காலத்தில் எல்லோரும் ஒரே குரலில் பேசியதாக எடுத்துக்கொள்கிறார்கள். நீலைப் பொறுத்தவரை அது உண்மையன்று. கண்மூடித்தனமான தண்டனைகளைக் கட்டுப்படுத்த 1857 ஜூலை இறுதியில் ஆணை வெளியிட்டவர் கவர்னர் ஜெனரல் கானிங். அதற்காகவே அவரைத் தயாள குணக் கானிங் என்று சொந்த நாட்டவர்கள் கேலி செய்தார்கள். தேதி வரிசையையும் இங்கே கவனிக்க வேண்டும். கான்பூரில் ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டதற்கான பழிவாங்கலே நீலின் கொடுமைகள் என்று அவருக்காகப் பரிந்து பேசுவோர் உண்டு. பீபிகர் படுகொலை எனப்படும் அந்தச் சம்பவம் நடந்தது 1857 ஜூலை நடுவில். அலகாபாத்தில் நீல் தூக்குமரங்களை நட்டது ஜூனிலேயே. நடக்காத படுகொலைக்கு முன்கூட்டியே யாரும் பழிவாங்க முடியாது. கான்பூரில் அவர் செய்தவற்றுக்கு மட்டுமே அந்தச் சமாதானத்தைச் சொல்லிப் பார்க்கலாம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: வெள்ளைக்காரன் சிலை என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று ஒரே வீச்சில் தீர்ப்பளிப்பது. சென்னைத் தீவுத்திடலருகே குதிரையின் மேல் அமர்ந்திருக்கும், சென்னை மாகாண கவர்னராக இருந்த தாமஸ் மன்றோவின் சிலை 1839 முதல் அங்கேதான் இருக்கிறது. சேணத்தையும் அங்கவடியையும் சிற்பி விட்டுவிட்டார் என்று ஊரார் பேசிக்கொள்வதைத் தவிர, அதன்மேல் பெரிய பகை எதுவும் எழுந்ததில்லை. மன்றோவும் பேரரசின் ஊழியர்தான். குடியானவர்களிடம் அரசே நேரடியாக நிலவரி வசூலித்த, அவர் பெயரோடு இணைந்த ரயத்துவாரி முறையின் வரிச்சுமை குடியானவர்களை வாட்டியதும் உண்மைதான். ஆனாலும் இந்தியர்கள் தங்களைத் தாங்களே ஆளும் தகுதி பெறுவதைப் பற்றி 1824-லேயே எழுதிய நிர்வாகியையும், நாக்கால் இரத்தத்தைத் துடைக்க வைத்த தளபதியையும் ஒரே தராசில் வைப்பது சோம்பேறித்தனம். எதற்காக அவருக்குச் சிலை வைத்தார்கள் என்று பார்த்தாலே வேறுபாடு தெரியும். நீல் சிலை எழுந்தது 1857-இல் அவர் செய்தவற்றைப் பாராட்டத்தான். அந்தச் செயல்களைக் கழித்துவிட்டால் அவருக்குச் சிலை வைக்கக் காரணமே இல்லை. மன்றோவின் குறைகள் அவருக்குச் சிலை வைத்ததன் காரணங்கள் அல்ல. என் கணக்கில் இந்த ஒரு சோதனை பல சர்ச்சைகளைப் பாதியாகக் குறைத்துவிடும்.

தமிழ்நாட்டில் இன்னொரு குழப்பம் அடிக்கடி காணப்படுகிறது. அம்பேத்கர் சிலைகள் பல ஊர்களில் இரும்புக் கூண்டுக்குள் நிற்பதைப் பார்க்கிறோம். அவற்றைச் சேதப்படுத்துபவர்கள் நோக்கம் ஒரு சமூகத்து மக்களை அவமானப்படுத்தி அச்சுறுத்துவதே. அப்படிப்பட்ட சம்பவங்களையும், ஒரு நகரம் தன் பொது இடத்தில் யாரை மரியாதை செய்வது என்று மறுபரிசீலனை செய்வதையும் ‘சிலை உடைப்பு’ என்ற ஒரே தலைப்பில் அடைப்பது பெரும் பிழை. முன்னது இரவில் யாரென்று தெரியாமல் செய்யப்படும் மிரட்டல். 1927-இன் தொண்டர்களோ பகலில், பெயரைச் சொல்லி, கைது செய்யப்படுவதற்கென்றே போனார்கள். காந்தி அப்போராட்டத்தை ஆதரித்ததோடு, அதில் வன்முறை கலக்கக் கூடாது என்றும் வலியுறுத்தினார்.

நடைமுறையைப் பற்றிய தவறுகளுக்கு வருவோம். சிலையை அப்படியே விட்டுவிட்டு அருகில் ஒரு விளக்கப் பலகை வைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பிரிஸ்டலிலும் அதைத்தான் முதலில் முயன்றார்கள். கோல்ஸ்டனின் அடிமை வணிகத்தைக் குறிப்பிடும் பலகைக்கு 2018-இல் வாசகம் எழுதப்பட்டது. உடனே ஒவ்வொரு சொல்லுக்கும் இழுபறி. அடிமைகளின் எண்ணிக்கையைச் சொல்லலாமா, குழந்தைகள் இருந்ததைச் சொல்லலாமா, அவருடைய தர்மங்களை எவ்வளவு சொல்வது என்று வாசகம் நீர்த்துக்கொண்டே போனது. நீர்த்த வாசகத்தை 2019-இல் மேயர் ஏற்க மறுத்துவிட்டார், பலகை பொருத்தப்படவேயில்லை. 2020 ஜூன் 7 அன்று கூட்டம் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் துறைமுகத்து நீரில் தள்ளியது. பலகை பயனற்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓர் ஆள் உயரத்துக்கும் மேலான பீடத்தில் நிற்கும் வெண்கலத்தை, முழங்கால் உயரத்தில் நான்கு வரி எழுதி எதிர்கொள்ள முடியும் என்று நினைப்பவர்கள், சிலை எதற்காக உயரத்தில் வைக்கப்படுகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அதே போல், கூட்டம் இடித்ததா, சபை தீர்மானித்ததா என்பது முக்கியமில்லை என்று கருதுவதும், ‘முறைப்படி கேட்டிருக்கலாமே’ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வதும் சம அளவில் தவறானவை. முறைப்படி கேட்பதற்கு முறை என்று ஒன்று இருக்க வேண்டும். வர்ஜீனியா மாநிலத்தில் 2020 வரை போர் நினைவுச் சின்னங்களை அகற்ற நகர மன்றங்களுக்கு அதிகாரமே இல்லை. சார்லட்ஸ்வில் நகர மன்றம் 2017-இல் லீ சிலையை அகற்ற வாக்களித்தும், வழக்குகள் முடிந்து சிலை இறங்கியது 2021 ஜூலையில்; இடையில் 2017 ஆகஸ்டில் அந்தச் சிலையைக் காக்க வந்த வெள்ளை இனவெறியர்களில் ஒருவன் எதிர்ப்பாளர்கள் மீது காரை ஏற்றியதில் ஒரு பெண் உயிரிழந்தார். மறுபுறம், கோல்ஸ்டன் சிலை வழக்கில் நால்வரை நடுவர் குழு 2022 ஜனவரியில் விடுவித்ததை எவரும் எந்தச் சிலையையும் உடைக்கலாம் என்ற உரிமமாக எடுத்துக்கொண்டவர்கள் ஏமாந்தார்கள். அவ்வாண்டு செப்டம்பரிலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம், பெரும் சேதம் விளைவிப்பதற்கு மனித உரிமை வாதம் பொருந்தாது என்று விளக்கிவிட்டது. அதிகாரத்தில் இருப்பவர்கள் காரணத்தை வெளிப்படையாக விவாதிக்காமல் செய்யும் மாற்றமும் நிலைப்பதில்லை. மெரினாவின் கண்ணகி சிலை 2001 டிசம்பரில் அகற்றப்பட்டு, ஆட்சி மாறிய 2006-இல் திரும்பி வந்தது.

கடைசியாக, அகற்றிய பிறகு என்ன என்று யோசிக்காமலிருப்பது. நிற்கட்டும், போகட்டும் என்ற இரண்டே வழிகள் இருப்பதாக எண்ணுவதால் வருவது இது. டெல்லி இந்தியா கேட் அருகே கல் மண்டபத்தில் நின்ற ஐந்தாம் ஜார்ஜ் சிலை 1968-இல் இடம்பெயர்ந்து முடிசூட்டுப் பூங்காவுக்குப் போனது. 2022-இல் நேதாஜியின் சிலை வைக்கப்படும் வரை மண்டபம் அரை நூற்றாண்டுக்கு மேல் காலியாகவே கிடந்தது. ஹங்கேரி தன் கம்யூனிஸ்ட் காலச் சிலைகளை புடாபெஸ்ட் புறநகரில் 1993-இல் திறந்த ஒரு பூங்காவில் திரட்டி வைத்தது. சார்லட்ஸ்வில்லின் லீ 2023-இல் உருக்கப்பட்டார். அந்த உலோகத்தால் புதிய கலைப்படைப்பு செய்வதே திட்டம். அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. கிடங்கில் போட்டுப் பூட்டினால், விளக்கவும் இல்லை, நீக்கவும் இல்லை என்ற நிலைதான் மிஞ்சும்.

பிரிஸ்டல் மக்கள் இதில் கொஞ்சம் யோசித்துச் செயல்பட்டார்கள் என்பேன். நீரிலிருந்து எடுத்த கோல்ஸ்டனைக் கழுவி நிமிர்த்தி முன்போல் ஆக்காமல், மேலே தெளிக்கப்பட்ட வண்ணத்தைப் பாதுகாத்து, 2021-இல் எம் ஷெட் அருங்காட்சியகத்தில் படுத்த நிலையில் வைத்தார்கள். அன்றைய போராட்டத்தின் பதாகைகளும் அருகில் இருந்தன. நகர மக்களிடம் கருத்துக் கேட்டதில் பெரும்பான்மையோர் அருங்காட்சியகமே அதற்கு ஏற்ற இடம் என்றார்கள். 1895-இல் அதை வைத்தவர்கள் சொன்னதும், 2020-இல் அதைத் தள்ளியவர்கள் சொன்னதும் இப்போது ஒரே பொருளின் மேல் படிந்திருக்கின்றன.