டியூபா, டிராம்போனுக்கு டியூனர் வாங்கும் முன்

முதலில், சுருதி சரியா என்று காட்டும் அந்த டியூனர் எவ்வளவு தாழ்ந்த சுரம் வரை கேட்கும் என்று பாருங்கள். பி ஃபிளாட் டியூபாவின் பெடல் சுரம் (அதன் அடிப்படைச் சுரம்) சுமார் 29 ஹெர்ட்ஸ், அதனால் 27.5 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்கும் டியூனர் நல்லது. ஆப் போதுமே என்றால், சரி, ஆனால் ஃபோன் மைக் முக்கியமாகப் பேச்சுக்காகச் செய்தது, அடிச்சுரத்தைக் கோட்டைவிட்டு அதோடு சேர்ந்து மேலே ஒலிக்கும் ஹார்மோனிக்கைப் பிடித்துக்கொண்டு முள் அங்கும் இங்கும் தாவும். தாழ்ந்த சுரங்களை நீட்டி ஊதிப் பாருங்கள், முள் நிற்கவில்லையா, பெல் (வாத்தியத்தின் அகன்ற வாய்) விளிம்பில் மாட்டும் கிளிப் மைக் வேண்டும், குழுவோடு வாசிக்கும்போது பக்கத்து வாத்தியத்தின் தொல்லையும் குறையும். அப்புறம் சுருதிக்கு அடிப்படையான ஏ சுரத்தை 440, 442 ஹெர்ட்ஸ் என்று மாற்ற முடிய வேண்டும். வண்ண விளக்கெல்லாம் வீண். டிரோன் ஒலி (தம்பூரா போல ஒரே சுரம் தொடர்ந்து ஒலிப்பது) இருந்தால் அதற்குக் காசு கொடுக்கலாம், முள்ளைப் பார்க்காமல் காதால் சுருதி சேர்க்கப் பழகலாம்.